வண்டிகள் இறங்கிப் போகும் நேரம்

டெல்ஃபா கோகர் சத்தமாகப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. மலையடிவாரத்தில் ஸெல்லாவின் பெட்ரோல் பங்க் இருக்கிறது. பங்கோடு சேர்ந்து ஒரு கடை, கடைக்குள் ஒரு சாப்பாட்டு கவுண்டர். தலையில் ஒரு நரைகூட இல்லாத காலத்திலிருந்து டெல்ஃபா அந்த கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறாள். பெப்பரோனி என்ற காரமான கறித் துண்டுகளை மாவில் சுருட்டி ரோலாக அடுப்பில் வைப்பாள், காப்பி ஊற்றுவாள், மீதிச் சில்லறையைக் கொடுப்பாள், "பாத்துப் போங்க" என்பாள். அவள் பேச்சு அவ்வளவுதான்.

ஆனால் கண் சும்மா இருக்காது. யாருடைய பூட்ஸில் ஓடைச் சேறு, யாருடைய பூட்ஸில் மேட்டு மண், யார் முட்புதருக்குள் போய் வந்திருக்கிறான், யார் வண்டிக்குள்ளேயே தூங்கிவிட்டு மலையேறினேன் என்று பொய் சொல்கிறான், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள். அதனால்தானோ என்னவோ, அவள் முன்னால் எல்லோரும் எல்லாவற்றையும் பேசினார்கள்.

பங்கைத் தாண்டி மேலே போகும் ஒற்றைச் சாலை ஹெம்லாக் முகட்டில் போய் முடிகிறது. அந்த முகடும் சுற்றிய காடும் வனவிலங்குகளுக்கென்று அரசு வைத்திருக்கும் நிலம். உரிமம் வாங்கிய யாரும் துப்பாக்கியோடு உள்ளே போகலாம். சாலை முடிகிற இடத்தில் ஜல்லி பரப்பிய வண்டி நிறுத்தம், அதன் ஓரத்தில் ஒரு இரும்புக் கேட். கேட்டுக்கு அப்பால் நடைதான். நவம்பரில் மான் பருவம் திறந்தால் வெளி மாநிலங்களான ஒஹாயோவிலிருந்தும் கரோலினாவிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். சொந்த மலை இருக்கிறவன் பொதுக்காட்டுக்கு ஏன் போகிறான்?

கோகர் குடும்பத்துக்கும் சொந்த மலை இருந்தது. கோகர் பள்ளத்தாக்கு என்றே அதற்குப் பெயர். டெல்ஃபா ஓக்கியைக் கட்டிக்கொண்டு வந்த வருடமே, அவள் அப்பா கொடுத்த பழைய துப்பாக்கியால் அங்கே ஒரு கொம்பு மானை அடித்தாள். "எம் பையனுக்கு வாச்சவளப் பாத்தீங்களா? வந்த வருஷமே ஃபிரீசர ரொப்பிட்டா" என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு வருடம் தவறாமல் அந்த வீட்டுக்கு மான்கறி கொண்டுவந்தது டெல்ஃபாதான். ஓக்கிக்குச் சுடத் தெரியும், பேசாமல் உட்காரத் தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்தால் மரத்தோடு பேசுவான்.

பள்ளத்தாக்கின் பத்திரம் ஓக்கியின் அண்ணன் ஹோபர்ட் பேரில் இருந்தது. அப்பா போன பிறகு அவன் பள்ளத்தாக்கை ஒரு வெளியூர் வேட்டைக் கிளப்புக்கு விற்றுவிட்டான். இடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கே கிடைத்தது. அதோடு அங்கே வேட்டையாடும் உரிமையும். மற்றவர்களுக்கு மரத்துக்கு மரம் மஞ்சள் பலகை, உள்ளே வராதே என்று. ஓக்கியும் அதே காலத்தில்தான் மரம் அறுக்கும் ஆலையில் விழுந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்தான்.

இதெல்லாம் போகட்டும் என்று டெல்ஃபா இருந்திருப்பாள். விருந்து ஒன்று இல்லாமல் இருந்திருந்தால்.

நவம்பரின் நான்காம் வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை எங்கள் தீயணைப்பு நிலையத்தில் மான்கறி விருந்து. தீயணைப்பு வண்டிகளை வெளியே ஓட்டி நிறுத்திவிட்டு உள்ளே நீளமாக மேசைகளைப் போடுவார்கள். வீட்டுக்கு ஒரு பாத்திரம். பாத்திரத்தை மேசையில் வைப்பவர் நிமிர்ந்து நின்று, யார் அடித்தது, எந்த மலை என்று சொல்ல வேண்டும். சொன்னதும் கூட்டம் மேசையைத் தட்டும். மான் கிடைக்காத வீட்டார் பீன்ஸ் கொண்டுவருவார்கள். பீன்ஸ் கொண்டுவருபவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

போன வருடம் டெல்ஃபா பீன்ஸ் கொண்டுபோனாள்.

அவள் முயற்சி செய்யாமலில்லை. பொதுக்காட்டில் மான் அடிப்பது எப்படி என்று கவுண்டருக்கு முன்னால் நிற்கும் அத்தனை பேரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். "தூரமா போகணும். ரோட்ட விட்டு எவ்வளவு தூரம் போறோமோ அவ்வளவு மான். சோம்பேறிங்க எல்லாம் கேட்டுப் பக்கத்துலயே நின்னுடுவாங்க." டெல்ஃபா நம்பினாள். இருட்டிலேயே கிளம்பி, கேட்டைத் தாண்டி, இரண்டு ஓடைகளைக் கடந்து, முழங்கால் நடுங்க ஏறி, காட்டின் கடைக்கோடியில் ஒரு சமதளத்தில் போய் உட்கார்ந்தாள். வெளிச்சம் வந்தது. எதிர்ச் சரிவில், வேட்டைக்காரர்கள் போட்டாக வேண்டிய ஆரஞ்சுச் சட்டை ஒன்று. இடப்பக்கம் இரண்டு. திரும்பிப் பார்த்தால் பின்னாலிருந்து ஒருவன் சிநேகமாகக் கையசைத்தான். பூசணித் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்த யோசனையைக் கேட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் வந்திருந்தார்கள். மான் மட்டும் வரவில்லை.

விருந்தில் அவள் பீன்ஸ் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது ஹோபர்ட் குரல் கொடுத்தான். "டெல்ஃபா, சொல்லாமப் போறியே! அந்த பீன்ஸ எந்த மலையில அடிச்ச?"

கூடமே சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓக்கி எடுத்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டும்போதுதான் டெல்ஃபா சொன்னாள்.

"அடுத்த வருஷம் இந்த வீட்டுப் பாத்திரத்துல பீன்ஸ் இருக்காது."

சொன்னால் சொன்னதுதான் அவள்.

அந்தப் பருவத்தின் கடைசி வாரத்தில் ராண்டல் என்ற ஒஹாயோக்காரன் கவுண்டரில் நின்று ஒரு கதை சொன்னான். வருடா வருடம் வருகிறவன். மான் அடிப்பதற்கென்று விற்கிற எல்லாப் பொருளும் அவனிடம் இருக்கும், மான் இருக்காது. "காலையில வண்டிக் கதவச் சாத்துறேன், கீழ புதருக்குள்ள ஏதோ ஒண்ணு 'ஃபூ'ன்னு சீறுது! மானுக்கே என் வண்டியப் பிடிக்கல பாருங்க!" எல்லோரும் சிரித்தார்கள். டெல்ஃபா சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் சொன்ன வேடிக்கைக்கு அவள் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பருவம் முடிந்து, வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பி, முதல் பனியும் விழுந்த பிறகு ஒரு விடுமுறை நாளில் அவள் மட்டும் மேலே போனாள். கேட்டைத் தாண்டவில்லை. வண்டி நிறுத்தத்தின் ஓரத்திலிருந்து கீழே இறங்கினாள். சரிவு கொஞ்ச தூரம் செங்குத்தாகப் போய், ஓக் மரங்கள் நிற்கும் ஒரு சிறு திட்டில் நின்று, அதற்கும் கீழே லாரல் புதராக அடர்ந்துவிடுகிறது. ஆள் நுழைய முடியாத புதர். அவள் தவழ்ந்து நுழைந்தாள். பனியில் நீள்வட்டமாக உருகிய பள்ளங்கள் இருந்தன. மான்கள் படுத்து எழுந்த தடம். ஒன்றல்ல, பல. பக்கத்தில் இளமரங்களில் கொம்பு உரசிப் பட்டை உரிந்திருந்தது.

அந்தப் பள்ளம் ஒன்றின் அருகில் அவளும் உட்கார்ந்து பார்த்தாள். மேலே ஒரு வண்டி வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. யாரோ நாயோடு இறங்கி நடந்தார்கள், திரும்பி வந்தார்கள், கதவைச் சாத்தினார்கள், போனார்கள். எல்லாம் காதிலேயே தெரிந்தது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று இங்கே படுத்தபடியே ஒரு மான் கவனித்துக்கொண்டிருக்க முடியும். கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி அவள் செய்வதும் அதைத்தானே.

ஒரு வருடம் அவள் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். அடுத்த பருவம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, இரவுச் சாப்பாட்டின்போது ஓக்கியிடம் எடுத்தாள்.

"பதினோரு மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் அந்த மலையில யாரு இருப்பா, சொல்லு."

"எனக்கெப்படித் தெரியும்?"

"ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. குளிர்ல விறைச்சுப்போய் எல்லாரும் எறங்கி வந்து எம்முன்னால ரோலுக்கு நிப்பாங்க. மானுக்கு அது தெரிஞ்சிருக்கு. கதவுச் சத்தம் கேட்டு, வண்டிங்க எறங்கிப் போனதும் எந்திரிச்சு ஓக் காய் பொறுக்க வருது. இத்தன வருஷமா அந்த நேரத்துல நான் எங்க நிக்கிறேன்? கவுண்டர்ல."

"அப்ப அந்த நேரத்துல நீ மேல இருக்கணும். அவ்வளவுதான?"

"நான் மேல இருந்தா ரோல யாரு குடுக்குறது? ரோல் இல்லேன்னா அவங்க ஏன் எறங்கி வரப்போறாங்க?"

ஓக்கி ரொட்டியைப் பிய்த்தபடி யோசித்தான். "நான் குடுக்குறேன்."

"நீயா? நீ முட்டை வேகவெச்சதுக்கே தீயணைப்பு வண்டி வந்துச்சு."

"அது ஒரு தடவ."

"ரெண்டு தடவ."

"ரெண்டாவது, அவங்களா சும்மா பாக்க வந்தாங்க."

மறுநாள் ஸெல்லாவிடம் கேட்டபோது அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். வயதில் மூத்தவள். கடைக்கு வரும் யாரையும் செல்லம் என்றுதான் கூப்பிடுவாள். "ஓக்கியா? என் கடையிலயா? செல்லம், நான் இன்சூரன்ஸ் வெச்சிருக்கேன். ஆனா அவ்வளவுக்கு வெக்கல."

"முந்தின நாளே எல்லாத்தையும் சுருட்டி வெச்சிடுறேன். அவன் சூடு பண்ணிக் குடுத்தாப் போதும். உசரமான ஸ்டூல் ஒண்ணு போட்டா முதுகும் தாங்கும்."

"எதுக்கு இதெல்லாம்?"

டெல்ஃபா தரையைப் பார்த்தாள். "போன வருஷ பீன்ஸ்" என்றாள்.

அந்தச் சிரிப்பு கேட்டபோது ஸெல்லாவும் கூடத்தில் இருந்தவள்தான். "ரெண்டு நாள் தர்றேன்" என்றாள். "திங்களும் புதனும். செவ்வாய்க்கிழமை நீ இங்க வேணும். வியாழக்கிழமை பண்டிகை, கடையே கெடையாது. கடை இல்லேன்னா அவனுங்க எறங்கி வரமாட்டானுங்க, உனக்கும் பிரயோசனமில்ல. வெள்ளிக்கிழமை அடிச்சா, கறி எப்ப ஊறும், எப்ப வேகும்? அவனுங்களப் பேச்சுல பிடிச்சு வெக்க ஓக்கிதான் ஆளு. அவன் வாய்க்கு மட்டும் முதுகு வலியே வராது."

பருவம் திறந்த திங்கட்கிழமை விடியுமுன் டெல்ஃபா மற்ற வேட்டைக்காரர்களோடு வண்டி நிறுத்தத்தில் போய் நின்றாள். வண்டிக் கதவை எல்லோரையும் போலவே ஓங்கிச் சாத்தினாள். வழக்கமில்லாத அமைதி அங்கே வந்துவிடக் கூடாது என்பது அவள் எண்ணம். விளக்குகளை நெற்றியில் கட்டிக்கொண்டு ஆண்கள் கேட்டுக்குள் வரிசையாகப் போனார்கள். அவள் திரும்பவும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ராண்டல் கண்ணாடியைத் தட்டினான்.

"என்ன மேடம், தூக்கமா? மான் எல்லாம் மேல இருக்கு!"

"கொஞ்சம் வெளிச்சம் வரட்டுங்க" என்றாள்.

அவள் காத்திருந்தது காற்றுக்காக. காலையில் குளிர்ந்த காற்று சரிவு வழியாகக் கீழே வடியும். அப்போது இறங்கினால் அவள் வாடை அவளுக்கு முன்னால் புதருக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சூரியன் சரிவில் விழுந்து மண் சூடானால் காற்று மேலே ஏறும். கோட்டுப் பையில் பால்செடிப் பஞ்சு வைத்திருந்தாள், எருக்கம்பஞ்சு போல நூல்நூலாகப் பறப்பது. கண்ணாடியை இறக்கி ஒரு இழையை விட்டுப் பார்த்தாள். தாழ்ந்து போனது. காத்திருந்து இன்னொன்றை விட்டாள். அதுவும் தாழ்ந்தது. வெகுநேரம் கழித்து விட்ட இழை, தயங்கி நின்று, வண்டியின் கூரையைத் தாண்டி மேலே ஏறியது. இனி அவள் வாடை நிறுத்தத்துக்குத்தான் போகும். அங்கே மனித வாடை மானுக்குப் புதிதில்லை.

கதவைச் சாத்தாமல் ஒட்டி வைத்துவிட்டு இறங்கினாள். வேரோடு சாய்ந்த ஒரு மரம் ஓக் திட்டுக்கு மேலே கிடந்தது. அதன் வேர்க்கட்டையில் சாய்ந்து, சாலையும் நிறுத்தமும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்தாள். துப்பாக்கி பார்த்த பக்கம் திட்டும், அதன் பின்னால் மண்மேடும்தான். குண்டு தவறினாலும் மண்ணுக்குள்தான் போகும்.

எதிர்பார்த்த நேரத்துக்கு ஆண்கள் இறங்கினார்கள். கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தப்பட்டன. வண்டிகள் போயின. மலை மூச்சு விட்டது போல ஆனது. கொஞ்ச நேரத்தில் புதரிலிருந்து ஒரு பெண்மான் வந்து திட்டில் தலையைக் குனிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அவற்றுக்குப் பின்னால், லாரல் இலைகளுக்கு நடுவில், ஒரு கொம்பு. பிறகு ஒரு காது. டெல்ஃபா துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்தாள்.

மேலே ஒரு வண்டிக் கதவு தடாரென்று சாத்தப்பட்டது. அதன் பின்னால் இன்னொன்று. திட்டு காலியானது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஓக்கி சமையலறையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கருகிடுச்சு, டெல்ஃபா. ஒஹாயோக்காரன் ஒருத்தன்கிட்ட பேசிட்டு இருந்தேன், திரும்பிப் பாக்குறேன், பொகை. ஆளாளுக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்ட எடுத்துக்கிட்டு மேல போயிட்டானுங்க."

"ஸெல்லா என்ன சொன்னா?"

"சொன்னத உங்கிட்ட சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற பொம்பள பேசுற பேச்சா அது!" நிமிர்ந்து பார்த்தான். "கோவமா?"

"இல்ல. கொம்பப் பாத்தேன்."

"பெருசா?"

"நமக்குப் போதும்."

ஓக்கி எழுந்து நின்றான். முதுகு ஒத்துழைக்கவில்லை, இருந்தும் நின்றான். "புதன்கிழமை எவனும் நான் விடாம அந்தக் கடைய விட்டு வெளிய போக மாட்டான். பாத்துக்கோ."

செவ்வாய்க்கிழமை டெல்ஃபா கவுண்டரில் நின்றாள். தூரம் போனவர்கள் வெறுங்கையோடு வந்து, இன்னும் தூரம் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டார்கள். பன்னிரண்டு மணிக்கு ஹோபர்ட் வந்தான். அவன் வீட்டு முற்றத்தில் ஏற்கெனவே ஒரு மான் தொங்குவது ஊருக்கே தெரியும்.

"என்ன டெல்ஃபா, பீன்ஸ ஊறவெச்சாச்சா?"

அவள் அவனுக்குக் காப்பி ஊற்றினாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். அவனுக்கும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தல் இருந்திருக்க வேண்டும். "இந்தா பாரு. வீட்டுக்கு வா, ஒரு தொடைய எடுத்துக்கோ. கோகர் பள்ளத்தாக்குன்னே சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

அந்த நேரத்தில் அது சின்ன ஆசை இல்லை. அந்தப் பேரை மேசைக்கு முன்னால் நின்று இன்னொரு தடவை சொல்லலாம். மாமனார் பேர், ஓக்கி பேர். ஓக்கி முகம் தெளியும். டெல்ஃபா காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் திரும்ப வைத்தாள்.

"வேண்டாம், ஹோபர்ட். ஃபிரீசர்ல நான் அடிக்கப்போற மானுக்கு எடம் வெச்சிருக்கேன்."

புதன்கிழமை மெல்லிய பனி விழுந்திருந்தது. எல்லாம் திங்கட்கிழமை போலவே நடந்தது. கதவுகள், கேட், வண்டிக்குள் காத்திருப்பு, மேலே ஏறிய பஞ்சு, வேர்க்கட்டை. இந்தத் தடவை ராண்டல் கண்ணாடியைத் தட்டாமல் பரிதாபமாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

வண்டிகள் இறங்கிப் போயின. பெண்மான்கள் வந்தன. திட்டில் பனியைக் காலால் விலக்கிக் காய்களைக் கடித்தன. கடிக்கும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. கொம்பன் வரவில்லை. நேரம் போனது. அவள் விரல்கள் மரத்துப்போயின. திங்கட்கிழமை கதவு சாத்திய நேரம் வந்தது, கடந்தது. இப்போது சாத்தும், இப்போது சாத்தும் என்று முதுகு காத்துக்கொண்டே இருந்தது. மேலே ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாக அவர்கள் திரும்பிவிடும் நேரமும் தாண்டியது. என்ன ஆயிற்று கீழே? கடை எரிந்துவிட்டதா?

அப்போதுதான் அது வந்தது. அவசரமே இல்லாமல், தன் வீட்டு வாசலுக்கு வருகிறவன் போல. இலை உதறி, திட்டுக்கு ஏறி, பக்கவாட்டில் நின்றது. மேலே நிறுத்தத்தின் பக்கம் காதைத் திருப்பி, ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டது. தலையைக் குனிந்தது. டெல்ஃபா முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்து, மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தினாள்.

அது நான்கு தாவலில் புதர் ஓரத்துக்குப் போய் விழுந்தது.

அவள் உடனே எழவில்லை. துப்பாக்கியில் அடுத்த குண்டை ஏற்றிவிட்டு, அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அசையவில்லை. பிறகு இறங்கிப் போய் அதன் கழுத்தில் கையை வைத்தாள். சூடாக இருந்தது. ஆறு கிளைக் கொம்பு, அகலமான கழுத்து. "பெரிய ஆளுதான் நீ" என்று மெதுவாகச் சொன்னாள். வேட்டை உரிமச் சீட்டில் பேரெழுதிக் கொம்பில் கட்டி, கத்தியை எடுத்து, வயிற்றைத் திறந்து, செய்ய வேண்டியதைச் செய்தாள். கயிற்றைக் கொம்பில் போட்டு, மரத்துக்கு மரம் நின்று நின்று மேலே இழுத்தாள். தூரம் போனவர்கள் அடித்தால் அரை நாள் இழுக்க வேண்டும். அவளுக்கு நிறுத்தம் தலைக்கு மேலேயே இருந்தது.

மானை வண்டியின் பின்கதவு வரை கொண்டுவந்து, எப்படித் தூக்குவது என்று பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர்கள் திரும்பி வந்தார்கள். முதல் வண்டியிலிருந்து ராண்டல் இறங்கினான். வாயில் ரோல். மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"மேடம்! எங்க அடிச்சீங்க?"

டெல்ஃபாவுக்குப் பொய் வராது. கையை நீட்டிக் காட்டினாள். "இங்கதாங்க. கீழ."

ராண்டல் அவள் விரலைப் பார்த்தான், ஜல்லியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். "சரி சரி. சொல்ல வேண்டாம். நானா இருந்தாலும் சொல்ல மாட்டேன்." மற்றவர்களைக் கூப்பிட்டான். நான்கு பேர் சேர்ந்து மானை வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டே ஒருவன் சொன்னான்: "உங்க வீட்டுக்காரர் ஒரு கரடிக் கதை சொன்னாரு பாருங்க! அப்பப்பா! கரடி மரத்து மேல, இவரு கீழ, கையில ஒரு சாண்ட்விச்சு. எழுந்திரிக்கவே முடியல எங்களால."

"முடிஞ்சுதா கதை?"

"எங்க முடிஞ்சுது! கரடி இன்னும் மரத்து மேலதான் உக்காந்திருக்கு. மிச்சத்த வெள்ளிக்கிழமை சொல்றேன்னுட்டாரு."

சனிக்கிழமை தீயணைப்பு நிலையம் நிறைந்திருந்தது. டெல்ஃபா வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டு ராத்திரி முழுக்கச் சின்னத் தீயில் வேகவைத்த கறி. பாத்திரத்தை அவள் ஓக்கியைத் தூக்க விடவில்லை, முதுகு போய்விடும் என்று. தானே கொண்டுவந்து, மேசையில் ஹோபர்ட் வைத்த பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். நிமிர்ந்தாள். அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன.

"டெல்ஃபா கோகர் அடிச்சது. ஹெம்லாக் முகடு."

"கேக்கல!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "டெல்ஃபா கோகர் அடிச்சது! ஹெம்லாக் முகடு!"

ஊர் அவள் குரலைச் சத்தமாகக் கேட்டது அன்றுதான். ஒரு கணம் யாரும் மேசையைத் தட்டவில்லை. அந்த மேசையில் பொதுக்காட்டின் பேரை அதுவரை யாரும் சொன்னதில்லை, அதுதான் காரணம்.

ஹோபர்ட் நாற்காலியில் சாய்ந்தான். "அது யாருக்கும் சொந்தமில்லாத மலையாச்சே, டெல்ஃபா."

"எனக்குச் சொந்தம், ஹோபர்ட்" என்றாள். "உனக்கும்தான். விக்க முடியாது, அவ்வளவுதான்."

முதலில் தட்டியது ஸெல்லா. உள்ளங்கையால் அல்ல, குழம்புக் கரண்டியால். பிறகு மேசை முழுவதும் இடி இடித்தது. ஓக்கி இரண்டு கையாலும் தட்டினான், கண்ணைத் துடைக்க ஒரு கை மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. சத்தம் அடங்கியதும் ஹோபர்ட் தன் தட்டை நீட்டினான். அவள் பாத்திரத்திலிருந்துதான் முதல் கரண்டி. தின்றுவிட்டு, "நல்லாருக்கு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "எந்தப் பக்கம்? முகட்டுல?" என்று கேட்டான். இந்தத் தடவை கேலி இல்லை.

"வண்டி நிறுத்தத்துக்குக் கீழ. லாரல் புதர் ஓரத்துல."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. "இதுதான்யா வேட்டைக்காரி!" என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "கழுத்த அறுத்தாலும் எடத்தச் சொல்ல மாட்டா!" ஹோபர்ட்டும் தலையை ஆட்டிச் சிரித்தான். நல்ல இடத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது வண்டிக்குள் ஓக்கி கேட்டான். "நீ நெசத்தத்தான சொன்ன?"

"ஆமா."

"ஒருத்தனும் நம்பல."

"நம்பலன்னா நல்லதுதான். அடுத்த வருஷமும் ஏதாவது ஒண்ணு அங்க வந்து படுக்கும்." பிறகு, "நீ கரடிய எறக்கிட்டியா?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை நீ அடுப்படியில இருந்தப்ப கடைக்கு வந்து எறக்கலாம்னு பாத்தேன். கூட்டம் ஜாஸ்தி, மனசு வரல. மரத்து மேலயே இருக்கட்டும், அடுத்த வருஷத்துக்கு வேணும்ல."

திங்கட்கிழமை டெல்ஃபா வழக்கம்போல கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். பருவம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. விடியுமுன் ராண்டல் வந்து காப்பி வாங்கினான். புதிதாக ஒரு வரைபடம் வாங்கியிருந்தான். அதை கவுண்டர் மேல் விரித்து, மலையின் கடைக்கோடிக்கும் அப்பால் ஒரு இடத்தில் விரலை வைத்தான்.

"இன்னிக்கு இவ்வளவு தூரம் போறேன், மேடம். உங்க மான் இங்கதான் இருந்திருக்கணும். நான் கண்டுபிடிச்சிட்டேன். சொல்லுங்க, சரியா?"

டெல்ஃபா அவன் கோப்பைக்கு மூடி போட்டு அழுத்தி, சில்லறையை எண்ணிக் கையில் கொடுத்தாள்.

"பாத்துப் போங்க" என்றாள். "பதினோரு மணிக்கு வந்துடுங்க. ரோல் சூடா இருக்கும்."